திரும்பலாமா?

வாங்க தம்பி, வாங்க. செருப்பை அங்கயே விட்டுடுங்க. சேலத்துலேர்ந்தா வர்றீங்க? இந்த டப்பாவைப் பாக்கவா? நல்லாயிருக்கு போங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு ஃபோன்ல படம் புடிச்சுப் போட்டுவிடறேன் தாத்தான்னு சொன்னப்ப நான் சிரிச்சேன். காயலான்கடைக்காரனே வேண்டாம்பான், இதை எவன்மா வாங்குவான்னேன். மறுநாளே நீங்க கூப்பிட்டுட்டீங்க.

கட்டில்ல உக்காருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். டீ போடட்டுமா? வேண்டாமா? சரி, அப்புறம் போடறேன். என் டீயைக் குடிச்சா நீங்க அடுத்த பஸ்ஸையே புடிச்சிடுவீங்க.

இதான் மிஷினு, டிவியில மாட்டி ஆடுற வீடியோ கேம். இது கேசட்டு. மேல நாப்பத்திரெண்டு ஆட்டம்னு போட்டிருப்பான், நம்பாதீங்க. எண்ணிப் பாத்தா ஒன்பதுதான். அதையே பேரை மாத்தி மாத்தி திரும்பத் திரும்ப வெச்சிருப்பான், ஃபோர்ட்வெண்டிப் பய. அதுல எட்டாவது ரம்மி. ஆமா, நீங்க அந்த ரம்மிக்காகத்தான் வந்திருக்கீங்கன்னு ஃபோன்லயே சொன்னீங்களே. வேற எங்கயும் கிடைக்கலையா? எனக்கென்ன தெரியும், எங்க வீட்ல அது சும்மா கிடந்தது.

எல்லாம் வேலை செய்யும். அடாப்டர் மட்டும் கொஞ்சம் லூசு. பின்னு நிக்காது. இருக்கிறதைச் சொல்லித்தானே குடுக்கணும்? நான் முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டர் தம்பி. சபாபதி ஏறுறான்னா கண்டக்டருக்கே கை நடுங்கும். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளிய பாப்பான், தெரியுமா? அறுபது பேர் நிக்கிற பஸ்ல ஏறின உடனே சொல்லிடுவேன், அந்தப் பச்சைச் சட்டை இறங்குன்னு. திருட்டுத்தனம் எனக்கு ஆகவே ஆகாது.

என்ன? அசையலையா? நல்லா அசைச்சுப் பாருங்க. இப்ப நிக்குது. சில நேரம் நிக்கும். வெயில் காலத்துல நிக்கும்னு நினைக்கிறேன்.

இது எங்க பொண்ணுக்கு வாங்கினது. பூங்கோதைன்னு பேரு, கோதை கோதைன்னுதான் கூப்பிடுவோம். ஆறாவது படிக்கும்போது வாங்கினது. துப்பாக்கி கூட இருந்துச்சு, வாத்து சுடுறதுக்கு. அது எங்க போச்சோ. அவ காலேஜுக்குப் போனப்புறம் பரண்ல ஏறிடுச்சு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி அவளும் போயிட்டா. கூட வேலை பாத்த ஒரு பையன். வேற ஆளுங்க. சர்ச்சுல வெச்சுக் கட்டிக்கிட்டாங்களாம். நான் போகல. இந்த வீட்ல இனிமே அவ பேரை எடுக்கக் கூடாதுன்னுட்டேன். சொன்னா சொன்னதுதான். என் வீட்டுக்காரி பாக்கியம் ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. மறுநாளே ஸ்டூலைப் போட்டு ஏறி பரண்லேர்ந்து இதை இறக்கினா.

என்னடி இதுன்னேன். பொழுது போகலைங்கன்னா.

அவ பொறந்த வீட்ல கல்யாணம் காட்சின்னா பொம்பளைங்களே வட்டமா உக்காந்து ரம்மி போடுவாங்க. எங்க வீட்ல அதெல்லாம் கிடையாது. எங்கப்பா சீட்டாடியே வீணாப் போனவர். சீட்டுக்கட்டு வாசல்படி தாண்டக் கூடாதுன்னு எங்கம்மா என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க. பாக்கியம் கேக்குறா, இது சீட்டுக்கட்டு இல்லீங்களே, டிவிதானேங்கறா. நான் யோசிச்சுப் பாத்தேன். வாஸ்தவம்தான், டிவிதானே!

ஆடினோம். மத்தியானம் சாப்பிட்டு பாத்திரம் கழுவிட்டு வந்தாள்னா, நாலு மணி வரைக்கும். ராணி மூஞ்சியைப் பாருங்க, அஞ்சாறு கட்டத்தை அடுக்கி வெச்சு ராணிங்கறான். ராஜாவுக்கும் அவளுக்கும் மீசைதான் வித்தியாசம். ஆட்டினுக்கும் டைமண்டுக்கும் ஒரே சிவப்பு. பாக்கியம் கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வெச்சுக்கிட்டு டிவிகிட்டப் போய் மூக்கை ஒட்டிப் பாத்துட்டு வந்து உக்காருவா.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே டிவி. கையில சீட்டு வெச்சிருந்தா எதிராளிக்குக் காட்டாம ஆடலாம், இதுல எப்படி? அதுக்கு அவன் என்ன பண்ணியிருக்கான்னா, ஒருத்தர் சீட்டைக் கழிச்சதும் திரை நீலமாயிடும். அடுத்த ஆள் பொத்தானை அமுக்கினாத்தான் அவங்க சீட்டு தெரியும். அந்த நேரத்துக்கு இன்னொருத்தர் முகத்தைத் திருப்பிக்கணும். நான் ஆடும்போது அவ அந்தச் சுவரைப் பாத்துத் திரும்பிக்குவா. தினசரி காலண்டர் தொங்குது பாருங்க, அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. நான் முடிச்சதும் "திரும்பலாமா"ன்னு கேப்பா. "ம், திரும்பு"ம்பேன். அவ ஆடும்போது நான் இந்தப் பக்கம் திரும்பிக்குவேன்.

ஆமா, இந்தப் பக்கம் பீரோதான் இருக்கு. கண்ணாடி வெச்ச பீரோதான். அதுக்கென்ன? கண்ணுன்னு இருந்தா தெரியத்தான் செய்யும். கண்ணைப் புடுங்கியா வெச்சுக்க முடியும்?

தெரிஞ்சும் என்ன பிரயோஜனம், அதைக் கேளுங்க. அவ கையில இருக்கிறது அத்தனையும் எனக்குத் தெரியும், என் கையில என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியாது, அப்பவும் ஜெயிப்பா! நான் கழிச்ச சீட்டை வெச்சே என்கிட்ட என்ன இருக்குன்னு சொல்லிடுவா. "இஸ்பேடு ஜாக்கிக்குக் காத்திருக்கீங்க, வராது. ரெண்டும் கீழ போயிடுச்சு"ம்பா. கோவம் வருமா வராதா சொல்லுங்க.

ஒரு நாள் எனக்கு நல்ல கை விழுந்துச்சு. வரிசையா நாலு ஆட்டம் ஜெயிச்சேன். இதுல யாரு முதல்ல பத்து ஆட்டம் ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு ஒரு பாட்டு வரும், பூவாக் கொட்டும். அன்னிக்கு எனக்குக் கொட்டுச்சு. அந்த ஜோர்ல சொல்லிட்டேன், "நீயெல்லாம் பத்து எடுக்கவே முடியாதுடி, என்ன பந்தயம் வேணாலும் வை"ன்னு. அவ ஜாய்ஸ்டிக்கைக் கீழ வெச்சா. "என்ன வேணாலுமா"ன்னா. "சபாபதி வாக்கு மாற மாட்டான்"னேன்.

"எனக்குப் பத்து வந்தா கோதை வீட்டுக்கு வரட்டும். அவங்க வீட்டுக்காரரும்தான்"னா.

ஒரு வருஷமா அந்தப் பேரை எடுக்காதவ தம்பி. நல்லா மடக்கிட்டா பாத்தீங்களா. வாயை விட்டாச்சு, என்ன பண்றது? சரின்னேன். ஆனா மிஷின் என்ன காட்டுதோ அதான் கணக்கு, காலண்டர்ல எழுதி வெக்கிறது, விரல் விட்டு எண்ணுறது எல்லாம் செல்லாதுன்னேன். ஒரு ஒழுங்கு வேணும்ல. அவளும் தலையாட்டினா.

அதுக்கப்புறம்தான் இந்த அடாப்டர் தொல்லை ஆரம்பிச்சுது.

இந்த மிஷின்ல எதுவும் ஞாபகம் இருக்காது, அதனால ராத்திரியும் டிவியை மட்டும்தான் அமத்துவோம், மிஷின் ஓடிக்கிட்டேதான் இருக்கும். ஒரு தடவை அமந்துச்சுன்னா அவ்வளவுதான், திரும்பப் போட்டா ரெண்டு பேருக்கும் சைபர். அவ ஏழு எட்டுன்னு வருவா, ஒன்பது வருவா, டப்புன்னு போயிடும். ஒன்பதுல மட்டும் எப்படிப் போகும்ங்கறீங்களா? நீங்களும் கோதை மாதிரியே கேக்குறீங்க. பிளக்குப் பெட்டி கட்டிலுக்குக் கீழ, என் காலடியிலதான் கிடக்கும். கட்டைவிரலால ஒரு அமுக்கு போதும். அதாவது, தெரியாத்தனமா கால் பட்டா போதும்னு சொல்றேன்.

அவ சுவரைப் பாத்து உக்காந்திருப்பா. "திரும்பலாமா"ம்பா. நான் "அட, போச்சுடி! பின்னு மறுபடியும் லூசாயிடுச்சு"ம்பேன். அவ திரும்பி, கறுப்பாக் கிடக்கிற டிவியைக் கொஞ்ச நேரம் பாப்பா. "சரி, போடுங்க. முதல்லேர்ந்து ஆடுவோம்"பா.

அவ்வளவுதான் சொல்லுவா. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. சைபர்லேர்ந்து ஆரம்பிச்சு திரும்ப ஒன்பதுக்கு வர அவளுக்கு ஆறு மாசம் ஆகும், சில தடவை அஞ்சு மாசம், நடுவுல கரண்ட்டு போனாலும் சைபர்தானே. நானும் சும்மா இல்லை, நடுவுல நான் பத்து அடிச்சிருக்கேன், அப்ப ரெண்டு பேருக்கும் சைபராயிடும். ஆனா என் பத்துக்குப் பூ கொட்டுறப்ப அவ கையைத் தட்டுவா. நிஜமாவே தட்டுவா. அவ பத்துக்கு என்ன வரும்னு நாங்க பாத்ததே இல்லை.

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் வேணும்னா பண்ணினேன்? ஊர்ல என்ன பேசுவாங்க, சொல்லுங்க. கோயில்ல எங்க குடும்பத்துக்கு முதல் மரியாதை. தெருவுக்கே நியாயம் சொல்றவன் நான். ஒரு விளையாட்டுல தோத்துட்டு மாப்பிள்ளையை உள்ள கூப்பிட்டேன்னா சிரிக்க மாட்டானுங்க? கொஞ்சம் நாளாகட்டும், நானே கூப்பிடறேன், நானாக் கூப்பிட்டாத்தானே மரியாதைன்னு இருந்தேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்.

போன ஆவணியில ஒரு நாள். அவளுக்கு அப்பவே மூச்சு வாங்க ஆரம்பிச்சிருந்துச்சு. வாயுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, நானும் பெருங்காயத்தைத் தண்ணியில கரைச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தேன். ஒன்பது எடுத்துட்டா. எனக்கு நாலோ அஞ்சோ. பத்தாவது ஆட்டம். என் முறை. திரும்பிக்கிட்டா. பீரோ கண்ணாடியில பாத்துட்டேனே, அவளுக்கு ரம்மி சேந்துடுச்சு, ஒரே ஒரு ஆட்டின் ஏழுக்கு நிக்கிறா. என் கையில அந்த ஏழு இல்லை. நான் எதைக் கழிச்சாலும் அடுத்த சீட்டோ அதுக்கடுத்த சீட்டோ அவளுக்கு வந்துடும். யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

அவ சுவரைப் பாத்துக்கிட்டே சொன்னா, "அமத்திட்டீங்கன்னா சொல்லுங்க, நான் திரும்பிக்கிறேன்."

கோவமா இல்லை தம்பி. தண்ணி கொதிச்சிடுச்சான்னு கேக்குற மாதிரி கேட்டா.

அந்த நிமிஷம் நான் அமத்தலை. சத்தியமா அமத்தலை. கால் மேலதான் இருந்துச்சு. எனக்கு அவ முதுகு தெரியுது. ஜாக்கெட்டுக்குப் பின்னாடி வேர்த்திருக்கு. மூச்சு ஏறி இறங்குது. டிவியில என் சீட்டு பதிமூணும் அப்படியே நிக்குது. நான் என்ன சொல்லியிருக்கணும்? இல்லடி, அமத்தலை, ஆடுறேன்னு சொல்லியிருக்கணும். ஒரு சீட்டைக் கழிச்சிருக்கணும். எந்தச் சீட்டா இருந்தா என்ன?

இவளுக்கு எத்தனை நாளாத் தெரியும்னுதான் என் மண்டைக்குள்ள ஓடுது. முதல் தடவையிலேர்ந்தேவா? தெரிஞ்சுக்கிட்டேவா சரி போடுங்க, சரி போடுங்கன்னா? எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. என்னை, செக்கிங் இன்ஸ்பெக்டரை, ஒரு பொம்பளை இத்தனை வருஷமா டிக்கெட் இல்லாதவன்னு தெரிஞ்சும் இறக்கிவிடாமக் கூட்டிட்டு வந்திருக்கா. அவமானமாப் போச்சு. அமுக்கிட்டேன்.

"ம், திரும்பு"ன்னேன்.

திரும்பினா. டிவியைப் பாக்கலை, என்னைத்தான் பாத்தா. எழுந்து போய் சாயங்காலத்துக்கு அரிசி களைஞ்சா. அதுக்கப்புறம் இந்த ஜாய்ஸ்டிக்கை அவ தொடவே இல்லை. நானா ரெண்டு மூணு தடவை கூப்பிட்டேன். "கண்ணு வலிக்குதுங்க"ன்னுட்டா. ஐப்பசியில ஒரு காலையில நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. இந்தக் கட்டில்லதான்.

இருங்க, எழுந்திரிக்காதீங்க. அதனால என்ன, உக்காருங்க.

கோதை வந்தா. அந்தப் பையனும் வந்தான். நான் வாங்கன்னும் சொல்லலை, போங்கன்னும் சொல்லலை. அவனா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு பந்தலுக்கு நின்னான், ஐஸ்பெட்டி தூக்கினான். காரியம் வரைக்கும் இருந்தாங்க. சொந்தக்காரங்க யாரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசலை தம்பி. ஒருத்தன் சிரிக்கலை. எங்க அத்தான் வந்து, "மாப்பிள்ளை நல்ல உழைப்பாளியா இருக்காரே, ஏன்யா இத்தனை நாளா கூப்பிடலை"ன்னு என்னையே கேக்குறார். நான் எங்க போய் முட்டிக்கிறது?

காரியம் முடிஞ்ச மறுநாள் கோதை இங்க, இந்தத் தரையில உக்காந்திருந்தா. "அப்பா, எனக்குப் பந்தயம் தெரியும்"னா. நான் டீக்கடைக்குப் போற நேரமாப் பாத்து அவ அம்மா ஃபோன் பண்ணுவாளாம். அஞ்சு ஆயிடுச்சும்மா, ஏழு ஆயிடுச்சும்மான்னு சொல்லுவாளாம். ஒன்பதுன்னு சொல்லிட்டா இவ அங்க பெட்டி கட்டி வெச்சுடுவாளாம். எனக்குப் புடிக்கும்னு அதிரசம் கூட சுட்டு எடுத்து வெப்பாளாம். அப்புறம் சாயங்காலம் திரும்ப ஃபோன் வருமாம். "அடாப்டர் லூசாயிடுச்சும்மா. அப்பா என்ன பண்ணுவாரு பாவம்"னு அவ அம்மா சொல்லுவாளாம்.

அப்பா என்ன பண்ணுவாரு பாவம். கேட்டீங்களா?

"பதினோரு தடவை பெட்டி கட்டியிருக்கேம்ப்பா"ன்னா கோதை. அழலை. மிஷினை இழுத்து வெச்சு, அடாப்டரைச் சொருகி, போட்டா. அவ சின்னதுலேர்ந்து ஆடின மிஷினாச்சே. நீங்க இப்ப அசைச்சுப் பாத்தீங்களே, அதே மாதிரி பின்னைப் புடிச்சு இப்படி அசைச்சா, அப்படி அசைச்சா, இழுத்தா. படம் ஆடவே இல்லை. என் முகத்தைப் பாத்தா. நான் ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு இருந்தேன்.

"நான் சண்டை போட வரலைப்பா. நான்தான் அமத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். உங்களை இங்க தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசில்லை. அவரும் இங்கயே மாத்தல் கேக்குறேன்னு சொல்றாரு. சொல்லுங்கப்பா, நாங்க இங்கயே இருக்கோம்"னா.

நான்தான் அமத்தினேன். ரெண்டே வார்த்தை. உங்ககிட்டச் சொல்லிட்டேன் பாருங்க, எவ்வளவு சுலுவா வந்துடுச்சு. பேரு கூடக் கேக்கலை உங்களை. அன்னிக்கு என் பொண்ணு முன்னாடி உக்காந்து கேக்குறா, எனக்கு வாய் வரலை. வந்தது என்ன தெரியுமா? "போன மாசம்தாம்மா புதுப் பின்னு மாட்டினேன், அதான் இப்ப நிக்குது"ன்னேன்.

அவ தலையை ஆட்டினா. அவ அம்மா ஆட்டுற மாதிரியே இல்லை, இது வேற. சரிப்பான்னா. சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாங்க. அந்தப் பையன், ஜெரால்டு, வாசல்ல நின்னு "உடம்பைப் பாத்துக்கங்க மாமா"ன்னான். நான் அதுக்கும் வாயைத் தொறக்கலை. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?

ஏழு மாசம் ஆச்சு. நான் கூப்பிடலை. தினம் நம்பரைப் போடுவேன், மணி அடிக்கிறதுக்குள்ள வெச்சுடுவேன். அவ எடுத்து ஹலோன்னு சொன்னா அதுக்கப்புறம் எனக்குப் பேச்சு வராதுன்னு தெரியும். இப்ப உங்ககிட்டச் சொன்னதுல நாக்கு கொஞ்சம் பழகியிருக்கு. நீங்க இருக்கும்போதே போட்டுடறேன் தம்பி. நீங்க போயிட்டா திரும்ப அதே கதைதான். மிஷின் எங்க போயிடப் போகுது, அப்புறம் பேசிக்கலாம். அந்த நோட்டுல முதல் பக்கம். எண்ணைப் படிங்க, நான் அமுக்குறேன். மெதுவாப் படிங்க.

மணி போகுது.

கோதை, அப்பா. நீ பேசாத. ஒண்ணும் பேசாத, நான் சொல்லி முடிச்சிடறேன். நான்தான்மா அமத்தினேன். பதினோரு தடவையும் நான்தான். பின்னும் மாட்டலை ஒண்ணும் மாட்டலை, எல்லாம் பொய்யி. உங்கம்மா ஜெயிச்சாம்மா. அவ நல்லா ஆடினா, நான்தான்... அவளுக்கு எல்லாம் தெரியும்மா, தெரிஞ்சே ஆடியிருக்கா. நான் படுபாவி. நீ வந்துடும்மா. ஜெரால்டு தம்பியையும் கூட்டிக்கிட்டு வந்துடு. எனக்கு இந்த வீட்ல இருக்க முடியலை. கேக்குதாம்மா?

யாரு?

இது பூங்கோதை நம்பர்தானேங்க?

அப்படியா. எப்ப வாங்கினீங்க இந்த சிம்மை?

சரிங்கம்மா. இல்லீங்க, உங்க மேல என்ன தப்பு. வெச்சிடறேங்க. சரிங்க. சரிங்க.

ராங் நம்பராம் தம்பி. ரெண்டு மாசமா இந்த நம்பர் அவங்ககிட்டதான் இருக்காம். கோயம்புத்தூர்ல யாரோ ஒரு அம்மா. நான் பேசப் பேச நடுவுல ஒரு வார்த்தை சொல்லாம முழுசாக் கேட்டிருக்காங்க. "அழாதீங்கய்யா, வீட்ல வேற யாரும் இல்லையா"ன்னு கேக்குறாங்க.